ஈரக்கழிவு

கட்டபெட்டு இலை மையத்தில்
தராசு என் பொறுப்பு.
மழை நாளில் மூட்டைக்குப் பத்து சதவீதம்
ஈரத்துக்குக் கழிப்பேன்.
திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.
நனைந்த இலை கனக்கும்;
கொழுந்து கூடிவிட்டதென்று அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி போன பிறகு
அதே மேசையில்
மூன்று டிஏசிகள்.

என்னுடையது போனின் வாலில் தொங்கும் டாங்கிள்,
சுண்டுவிரல் நுனி அளவு, எண்ணூற்றைம்பது.
ஸ்டீபனுடையது தீப்பெட்டி.
கூரியரோடு ஒன்பதாயிரத்துப் பத்து.
போஜராஜ் பெங்களூரிலிருந்து சுமந்துவந்தது செங்கல்:
உள்ளேயே ஆம்ப், தனி பேட்டரி, தோலுறை,
எண்ணெயில் உருள்வது போல் திரும்பும் ஒரு குமிழ்.
முப்பத்து நாலாயிரம்.

அன்று இலை கிலோ பதினேழு.
எனக்கு வேறு நாணயம் பழக்கமில்லை.
ஐம்பது கிலோ.
ஐந்நூற்று முப்பது கிலோ.
இரண்டு டன்.
டன் என்று சொன்னதும் போஜராஜ்
மேசை விளிம்பிலிருந்து பெட்டியை
நடுவுக்கு நகர்த்தி வைத்தான்.

கேட்க எடுத்தது ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவு.
நாலாம் நிமிடம், வாசிப்பவர் மூச்செடுக்கும் இடைவெளியில்
கூட்டத்தில் யாரோ இருமுவார்.
ராகத்தை விட்டுவிட்டு
அந்த இருமலைத் தேடினோம்.

போஜராஜின் பெரிய ஹெட்போனில், முந்நூறு ஓம்,
செங்கல் வழியே கேட்டால்
அவர் இடது ஓரம், தூணருகே உட்கார்ந்திருந்தார்.
தீப்பெட்டியிலும் தூணருகேதான், சற்றுப் பின்னே.
என் டாங்கிளில்
மண்டபத்தில் எங்கோ.
"கேட்டியா கமலேஸ்?" என்றான் போஜராஜ்,
பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த மாதிரி.

கேட்டேன்.
கூடவே இன்னொன்றும் கேட்டேன்:
செங்கல் சத்தமாக இருந்தது.
கொஞ்சம்தான்.
நனைந்த மூட்டையும் கொஞ்சம்தான் கூடுதலாய்க் கனக்கும்.

ஸ்டீபனுக்கு வயரிங் வேலை.
பைக் பெட்டியிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து
மூன்றையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்தான்.
என் மப்ளரால் போஜராஜின் கண்ணைக் கட்டினோம்.
வெளியே மஞ்சு இறங்கி
தராசின் தட்டு வரை வந்திருந்தது.

செங்கல்லா தீப்பெட்டியா?
பன்னிரண்டு முறை மாற்றினோம். ஆறு சரி.
காசு சுண்டியிருந்தாலும் ஆறு வந்திருக்கும்.
என் டாங்கிளை மட்டும்
பன்னிரண்டில் பதினொரு முறை பிடித்துவிட்டான்.
அந்த ஹெட்போனை இழுக்க அதற்குத் தெம்பில்லை;
முழு வால்யூமில்
தவில் விழும்போதெல்லாம் தோளைக் குறுக்கியது,
ஆள் நிறைந்து மேடேறும் மினிபஸ்.

பிறகு, யாரும் கேட்காமலே,
என் முந்நூறு ரூபாய் இயர்போனை
செங்கல்லில் செருகினேன்.
பாட்டு தொடங்குமுன்பே ஒரு இரைச்சல்,
பக்கத்து மலையில் சாரல் பிடித்தது போல.
டாங்கிளுக்கு மாற்றினேன்.
உறைபனி இரவு. ஒரு பொட்டுச் சத்தமில்லை.
நாலாம் நிமிடம்
இருமல்காரர் தூணருகே வந்து உட்கார்ந்தார்.

ஆக, எது நல்லது என்று ஸ்டீபன் கேட்டான்.
எந்தக் காதுக்கு என்று கேட்டேன்.
ரசீது எழுதுகிறவளுக்கு
இதற்கு மேல் தீர்ப்பு வராது.
போஜராஜ் மப்ளரை அவிழ்த்து
மடித்துக்கொண்டே இருந்தான், வெகுநேரம்.
"ஆனா இந்தக் குமிழ் நல்லாயிருக்குல்ல?"
திருகிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதில் ஒரு சதவீதமும் கழிக்கவில்லை.

அடுத்த வாரம் இலை பதினைந்துக்கு இறங்கியது.
டாங்கிளின் விலை மாறவில்லை,
அதே எண்ணூற்றைம்பது.
என் கணக்கில் ஐம்பத்தேழு கிலோ ஆகிவிட்டது.
இரண்டு டன்னைப் பற்றி
போஜராஜிடம் நான் வாயே திறக்கவில்லை.

கோத்தகிரி பஸ்ஸில், கண்ணாடி முழுக்க வெள்ளை,
இயர்போனை மாட்டிக்கொண்டேன்.
நாகஸ்வரம் மூச்செடுத்தது.
தூணருகே, அதே இடத்தில்.
இன்னும் சளி விடவில்லை அவருக்கு.